வரிசையிலிருந்து நாட்காட்டிக்கு: களியாட்டப் பூங்காக்களின் முற்பதிவு முறையும் விடுமுறைத் திட்டமிடலும் – ஒரு சமூகவியல் நோக்கு

ஓய்வு என்பது உழைப்பின் மறுதலை எனக் கொள்ளுதல் பொது வழக்கு. தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் கடிகாரத்துக்கு அடங்கி நடக்கும் மனிதன் விடுமுறை நாட்களிலேனும் அதன் ஆட்சியினின்று விடுபடுகிறான் என நாம் எண்ணுகிறோம். ஆனால், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் வளர்ச்சியுற்ற பெருங் களியாட்டப் பூங்காக்களின் வரலாற்றை நோக்குமிடத்து இவ்வெண்ணம் மறுபரிசீலனைக்கு உரியதாகிறது. அங்கு விடுமுறையைக் கழிக்கச் செல்லும் குடும்பமொன்று, எந்த நாளில் எந்தப் பூங்காவிற் புகுவது, எந்தச் சவாரியில் எத்தனை மணிக்கு ஏறுவது, எங்கே எப்போது உண்பது என்பனவற்றைப் பயணத்துக்குப் பல நாட்கள் முன்னரே, சில காலங்களில் மாதக்கணக்கில் முன்னரே, தீர்மானித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

இந்நிலை எவ்வாறு உருவாயிற்று, அது விடுமுறையின் தன்மையை எவ்வாறு மாற்றியது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முற்பதிவு முறை காத்திருப்பை ஒழித்தது என்பது அம்முறையை நடத்துவோரின் கூற்று. காத்திருப்பின் இடமும் காலமும் மாறின, காத்திருப்போர் யார் என்பதும் மாறியது, காத்திருப்பு ஒழியவில்லை என்பதே இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

1. களம்

ஒரு கதையையோ, ஒரு வரலாற்றுக் காலத்தையோ, ஒரு கற்பனை உலகையோ கருப்பொருளாகக் கொண்டு, அதற்கேற்பக் கட்டடங்களையும் இயந்திரச் சவாரிகளையும் உணவகங்களையும் கடைகளையும் ஒருங்கே அமைத்து, கட்டணம் பெற்று மக்களை உள்ளே விடும் நிறுவனமே ஈண்டுக் களியாட்டப் பூங்கா எனப்படுகிறது. வால்ட் டிஸ்னி 1955 யூலை 17இல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் திறந்த டிஸ்னிலாண்ட் இவ்வகைப் பூங்காக்களுக்கு முன்மாதிரியாயிற்று. 1971 ஒக்டோபர் 1இல் புளோரிடாவின் ஒர்லாண்டோ நகருக்கு அண்மையில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 40 சதுர மைல் பரப்புடைய இவ்விடத்தில் மெஜிக் கிங்டம் (1971), எப்கொட் (1982), ஹொலிவூட் ஸ்டூடியோஸ் (1989), அனிமல் கிங்டம் (1998) என நான்கு பூங்காக்களும், இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகளும் காலப்போக்கில் எழுந்தன. நான்கு பூங்காக்களையும் காண விரும்பும் ஒருவர் பல நாட்கள் தங்கியே ஆகவேண்டும்.

இதற்கு முற்பட்ட கேளிக்கை இடங்கள் வேறு வகையின. நியூயோர்க் நகரின் கொனி ஐலண்ட் கடற்கரையில் ஸ்டீபிள்சேஸ் (1897), லூனா பார்க் (1903), ட்ரீம்லாண்ட் (1904) ஆகிய பூங்காக்கள் தோன்றின. 1920இல் சுரங்க ரயில்பாதை அக்கடற்கரையை எட்டியபோது கட்டணம் 5 சதமே. ஞாயிறு காலையில் வானிலை நன்றாயிருந்தால் தொழிலாளர் குடும்பங்கள் புறப்பட்டுச் சென்று மாலையில் வீடு திரும்பின. அங்கும் நெரிசல் இருந்தது. ஆனால் திட்டமிடல் என்று சொல்லத்தக்க ஒன்று தேவைப்படவில்லை. ஒரு நாட் கேளிக்கை பல நாட் பயணமாகவும், அண்டை ஊர் விமானப் பயணத் தொலைவாகவும் மாறிய பின்னரே முற்பதிவு அதன் முழு வலுவைப் பெற்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. பங்கீட்டின் நான்கு கட்டங்கள்

விரும்பப்படும் சவாரிகள் சில, விரும்புவோர் பலர் என்ற நிலையில் ஏதேனுமொரு பங்கீட்டு முறை தவிர்க்கவியலாதது. டிஸ்னி பூங்காக்களின் வரலாற்றில் இப்பங்கீடு நான்கு கட்டங்களைக் கடந்து வந்துள்ளது.

முதற் கட்டம் சீட்டுப் புத்தகத்தின் காலம். டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்ட 1955ஆம் ஆண்டிலேயே, சவாரிகளை அவற்றின் கவர்ச்சிக்கேற்ப ஏ, பீ, சீ எனத் தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் சில சீட்டுகள் கொண்ட புத்தகம் விற்கப்படலாயிற்று. பின்னர் டீ தரமும், 1959இல் ஈ தரமும் சேர்க்கப்பட்டன. ஈ சீட்டே மிகச் சிறந்த சவாரிகளுக்கு உரியது. அமெரிக்க ஆங்கிலத்தில் எந்தத் துறையிலும் மிகச் சிறந்ததைக் குறிக்க 'ஈ சீட்டு' என்னும் வழக்கு ஏற்பட்டமை இம்முறையின் செல்வாக்கைக் காட்டும். எந்தச் சீட்டை எங்கே செலவிடுவது என்பதே அக்காலப் பார்வையாளர் செய்த திட்டமிடல். அதுவும் பூங்காவின் உள்ளே நின்று செய்யப்பட்டது.

1982இல் சீட்டுப் புத்தகம் கைவிடப்பட்டு இரண்டாம் கட்டம் தோன்றியது. வாயிலில் ஒரே கட்டணம் செலுத்தியவர் எச்சவாரியிலும் எத்தனை முறையும் ஏறலாம். பங்கீட்டுக் கருவியாகப் பணம் நீங்கி, அதனிடத்தில் நேரம் அமர்ந்தது. ஒருவர் ஒரு சவாரிக்காக எத்தனை நிமிடம் நிற்கத் தயாராயிருக்கிறாரோ அதுவே அவர் அதற்குக் கொடுக்கும் விலை. வாயிற் கட்டணம் எல்லாராலும் செலுத்தக்கூடியதன்று என்பது உண்மையே. எனினும் வாயிலைக் கடந்தபின் வைத்தியரும் வாகனச் சாரதியும் ஒரே வரிசையில் நின்றனர்.

மூன்றாம் கட்டம் 1999இல் பாஸ்ட்பாஸ் என்ற பெயரில் வந்தது. சவாரியின் அருகிலுள்ள இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செலுத்தினால், திரும்பி வரவேண்டிய ஒரு மணி நேர இடைவெளி அச்சிடப்பட்ட தாள் கிடைக்கும். அந்நேரத்தில் வருபவர் குறுகிய தனிவரிசையில் உட்செல்லலாம். இதற்கெனத் தனிக் கட்டணம் இல்லை. ஆயினும் தாள்கள் தீருமுன் பெறவேண்டியிருந்தமையால் காலையில் முந்தி வருவோரும் முறையின் நுட்பத்தை அறிந்தோரும் பயனடைந்தனர். குடும்பத்தில் ஒருவர் அனைவரது சீட்டுகளையும் திரட்டிக்கொண்டு இயந்திரத்தை நோக்கி விரைவது வழமையாயிற்று. திட்டமிடல் கூர்மையடைந்தது, ஆனால் அன்றைய நாளுக்குள் அடங்கியிருந்தது.

அந்த எல்லையை உடைத்தது 2013இல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த பாஸ்ட்பாஸ் பிளஸ். விடுதி அறையைத் திறக்கவும், வாயிலைக் கடக்கவும், பணம் செலுத்தவும் பயன்படும் மின்னணுக் கைப்பட்டியுடன் இணைந்த இத்திட்டத்துக்கு ஏறத்தாழ 1 பில்லியன் டொலர் செலவிடப்பட்டதாக அக்காலச் செய்திகள் கூறின. நாளொன்றுக்கு மூன்று சவாரிகளை வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். டிஸ்னி விடுதியில் தங்குவோர் வருகைக்கு 60 நாட்கள் முன்பும், ஏனையோர் 30 நாட்கள் முன்பும் இதனைச் செய்யலாம். வரிசை பூங்காவை விட்டு நாட்காட்டிக்குள் குடிபுகுந்தது இக்கட்டத்திலேயே.

நான்காம் கட்டம் பெருந்தொற்றின் பின் வந்தது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட புளோரிடாப் பூங்காக்கள் யூலையில் மீளத் திறந்தபோது பாஸ்ட்பாஸ் பிளஸ் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது; அது திரும்பி வரவேயில்லை. 2021 ஒக்டோபரில் ஜீனி பிளஸ் என்னும் கட்டணச் சேவை ஒரு சீட்டுக்கு நாளொன்றுக்கு 15 டொலர் என்ற விலையில் அறிமுகமாயிற்று. மிகக் கூடிய கிராக்கியுள்ள சவாரிகள் தனித்தனியே விலை பேசப்பட்டன. 2022 ஒக்டோபரிலிருந்து கட்டணம் நாளுக்கு நாள் வேறுபட்டது. 2024 யூலையில் ஜீனி பிளஸ் நீக்கப்பட்டு, லைட்னிங் லேன் என்ற பெயரில் முற்பதிவும் கட்டணமும் ஒன்றிணைந்தன. அதன்படி டிஸ்னி விடுதியில் தங்குவோர் 7 நாட்கள் முன்பும் ஏனையோர் 3 நாட்கள் முன்பும் பணம் செலுத்தி நேரத்தைத் தெரிவு செய்யலாம். அவ்வாண்டு ஒக்டோபரில், நேரம் எதுவும் குறிக்காமல் விரும்பிய பொழுதில் விரைவு வரிசையிற் செல்லும் உயர்தர அனுமதியொன்று புளோரிடாவில் 129 முதல் 449 டொலர் வரையான நாள் விலையில் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் அது உயர்தர விடுதிகளில் தங்குவோருக்கே வழங்கப்பட்டது.

ஆக, 1982இல் வெளியேறிய பணம் நாற்பது ஆண்டுகளில் திரும்பி வந்துள்ளது. ஆனால் பழைய வடிவில் வரவில்லை. ஈ சீட்டு ஒரு சவாரியின் விலை. இன்றைய கட்டணம், அதே சவாரியில் பிறருக்கு முன் ஏறும் உரிமையின் விலை.

3. வரிசையின் கணிதம்

வரிசை பற்றிய கணித ஆய்வு தொலைபேசித் துறையில் தோன்றியது. கொப்பன்கேகன் நகரத் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அக்னர் எர்லாங், அழைப்புகளின் வருகையை ஆராய்ந்து 1909இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. வரிசையில் நிற்போரின் சராசரித் தொகை, வருகை வீதத்தையும் சராசரிக் காத்திருப்பு நேரத்தையும் பெருக்கியதற்குச் சமம் என்னும் எளிய விதியை 1961இல் ஜோன் லிட்டில் நிறுவினார். இவ்விதியின் துணைகொண்டு முற்பதிவின் இயல்பை விளங்கிக்கொள்ளலாம்.

ஒரு சவாரி மணிக்கு 1,500 பேரை ஏற்றக்கூடியது என வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 12 மணி நேரம் இயங்கினால் 18,000 பேர் ஏறலாம். பூங்காவில் அன்று 50,000 பேர் இருப்பின், 32,000 பேர் அச்சவாரியில் ஏற இயலாது. எந்த முற்பதிவு முறையாலும் இவ்வெண்ணை மாற்ற முடியாது. இருக்கைகளை அதிகரிக்க வேறொரு சவாரியைக் கட்டவேண்டும். செயலியொன்றைக் கட்டுவதால் இருக்கை பெருகாது.

இனி, ஒரே வரிசை இருந்து அதில் 1,500 பேர் நின்றால் கடைசியில் நிற்பவர் ஒரு மணி நேரம் காத்திருப்பார். அதே சவாரியில் ஐந்தில் நான்கு பங்கு இடம் முற்பதிவு செய்தோருக்கு ஒதுக்கப்படுகிறது எனக் கொள்வோம். அப்போது பொதுவரிசைக்கு எஞ்சுவது மணிக்கு 300 இடமே. அவ்வரிசையில் 450 பேர் மட்டும் நின்றாலும் கடைசி மனிதர் ஒன்றரை மணி நேரம் நிற்கவேண்டும். வரிசை நீளத்தாற் குறுகியது, நேரத்தால் நீண்டது. பொதுவரிசையில் நிற்பவர் தம் கண்முன்னே பதிவுவரிசை விரைந்து செல்வதையும் காண்கிறார். அங்கு ஒருவர் சேமிக்கும் நிமிடங்களில் ஒரு பகுதி இங்கு மற்றொருவர் இழக்கும் நிமிடங்களே.

இதனால் முற்பதிவு முற்றிலும் பயனற்றது என்று கூறிவிட முடியாது. நண்பகலில் குவியும் கூட்டத்தைக் காலைக்கும் இரவுக்கும் பகிர்ந்துவிட்டால் வெறுமையாக ஓடும் இருக்கைகள் குறையும். ஆயினும், நாள் முழுவதும் இருக்கைகள் நிரம்பியே ஓடும் சவாரிகளில் இந்நன்மைக்கு இடமில்லை. மக்கள் முற்பதிவை நாடுவதோ பெரும்பாலும் அச்சவாரிகளுக்கே.

4. நிறுவனத்தின் நலன்

இருக்கையின் தொகை மாறாதாயின் நிறுவனம் இதிற் பெரும் பொருளை ஏன் முதலிடுகிறது என்னும் வினா எழுதல் இயல்பு. முதலாவது காரணம், வரிசையில் நிற்பவர் பொருள் வாங்குவதில்லை என்பதாகும். ஒரு மணி நேரம் நிற்கவேண்டியவரைப் பூங்காவினுள் உலவ விட்டால் அவர் உணவகத்துக்கோ கடைக்கோ செல்வார். இரண்டாவதாக, முன்கூட்டிய பதிவுகள் வருங்கூட்டத்தை முன்னறிவிக்கின்றன. எத்தனை ஊழியரை எங்கே நிறுத்துவது, எவ்வளவு உணவு சமைப்பது என்பவற்றை அதற்கேற்ப ஒழுங்குபடுத்தலாம்.

மூன்றாவது காரணமே எமது பொருளுக்கு மிக அண்மையது. ஒர்லாண்டோ ஒரு நிறுவனத்தின் தனியுரிமை நகரன்று. போட்டி நிறுவனமான யுனிவர்சல் தனது பூங்காக்களை அதே நகரில் நடத்துகிறது. அங்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் என்னும் விரைவு அனுமதி விலைக்கு விற்கப்படுகிறது. அதன் உயர்தர விடுதிகளில் தங்குவோர் சிலருக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது. பயணத்தின் ஒவ்வொரு நாளும் முன்னரே பதிவுகளால் நிரப்பப்பட்ட குடும்பம், நடுவில் மனம் மாறிப் போட்டியாளரிடம் செல்வது அரிது. சொந்த விடுதியில் தங்குவோருக்கு முன்னுரிமை என்னும் விதி விடுதி அறையின் விலையையும் தாங்கி நிற்கிறது. அறையோடு சேர்த்து, நாட்காட்டியில் முந்தி நிற்கும் இடமும் விற்கப்படுகிறது.

5. விடுமுறைத் திட்டத்தின் உருமாற்றம்

இம்முறைகள் பார்வையாளரின் திட்டமிடலை நான்கு வகையில் மாற்றின.

முதலாவது, தீர்மானங்களின் வரிசை தலைகீழாயிற்று. பொதுவாகப் பயணி ஓரிடத்தை அடைந்து, வானிலையையும் உடல்நிலையையும் குழந்தைகளின் மனநிலையையும் பார்த்து அன்றைய நாளை வகுப்பார். புளோரிடாவில் 2020ஆம் ஆண்டு வரை உணவக மேசையை 180 நாட்கள் முன்பே பதிவு செய்யலாம். சவாரியை 60 நாட்கள் முன்பு பதிவு செய்யலாம். பெயர் பெற்ற உணவகமொன்றில் இடம் வேண்டுமெனின், எந்த நாளில் எந்தப் பூங்காவில் இருப்போம் என்பதை அரை ஆண்டுக்கு முன்பே முடிவு செய்யவேண்டியதாயிற்று. ஒரு மதிய உணவு அந்நாளின் பூங்காவைத் தீர்மானித்தது. பூங்கா சவாரியைத் தீர்மானித்தது. பின்னர் உணவகப் பதிவு 60 நாட்களாகவும் சவாரிப் பதிவு 7 நாட்களாகவும் சுருங்கியமை இறுக்கத்தைத் தளர்த்தியதேயன்றி அதன் அமைப்பை மாற்றவில்லை.

இரண்டாவது, விதிகளின் இடுக்குகள் பயணத்தின் வடிவத்தையே வகுத்தன. விடுதியில் தங்குவோர் வருகை நாளைக் கணக்கிட்டுத் தம் தங்கல் முழுவதற்கும் ஒரே காலையிற் பதிவு செய்யலாம் என்பது விதி. எனவே ஏழு நாட்கள் தங்குபவர் தமது இறுதி நாளுக்குரிய சவாரியை உண்மையில் 60 நாட்களுக்கும் மேலான முன்னேற்பாட்டுடன் பெற்றார். அன்றே வந்து சேரும் பிறர் அந்நாளுக்கு இன்னும் பதிவு செய்யத் தொடங்கியிருக்கமாட்டார். ஆகவே மிகக் கூடிய கிராக்கியுள்ள சவாரியைப் பயணத்தின் பிற்பகுதிக்குத் தள்ளுவது அறிவார்ந்த உத்தியாயிற்று. தங்கும் நாட்களின் தொகை, விடுதித் தெரிவு, பூங்காக்களின் வரிசை ஆகியன விருப்பத்தை விட்டு விதியைப் பின்பற்றின.

மூன்றாவது, கடிகாரம் விடுமுறைக்குள் மீண்டும் நுழைந்தது. 2019 டிசம்பரில் ஹொலிவூட் ஸ்டூடியோசில் திறக்கப்பட்ட நட்சத்திரப் போர்க் கதைச் சவாரிக்குப் பொதுவரிசையே இன்றி, தொலைபேசிச் செயலி வழியே குழு எண் வழங்கப்பட்டது. பெருந்தொற்றின் பின் காலை 7 மணிக்கு அறையிலிருந்தே அவ்வெண்ணைப் பெறும் முறை வந்தது. எண்கள் சில கணங்களில் தீர்ந்துவிடும். ஜீனி பிளஸ் காலத்திலும் முதற் பதிவுக்குரிய நேரம் காலை 7 மணியே. விடுமுறைக்கு வந்தவர் விழிப்பு மணி வைத்து எழுந்து, கைத்தொலைபேசியை ஏந்தி, நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கும் காட்சி தொழிற்சாலைச் சங்கொலியை நினைவூட்டாதிராது. தொழில் முதலாளித்துவம் மனிதரின் கால உணர்வையே மாற்றி அமைத்தது என ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். அவ்வொழுக்கம் ஓய்வின் எல்லைக்குள்ளும் ஊடுருவியமைக்கு இது தக்க சான்றாகும்.

நான்காவது, திட்டமிடல் ஓர் உழைப்பாக மாறியது. முன்னர் பூங்காவின் ஊழியர் கூட்டத்தை நெறிப்படுத்தினர். இன்று அவ்வேலையில் ஒரு பகுதியைப் பார்வையாளரே, ஊதியமின்றி, தமது வீட்டில் இருந்து செய்கிறார். விதிகளைக் கற்றல், அட்டவணை தீட்டல், குறித்த நாளிலும் நேரத்திலும் பதிவு செய்தல், கிடைக்காதபோது மாற்றுத் திட்டம் வகுத்தல் என இவ்வுழைப்பு விரிகிறது. இதனைச் செய்ய இயலாதோருக்காக வழிகாட்டி நூல்களும், பயண முகவர்களும், சந்தா பெற்று நெரிசலைக் கணித்துரைக்கும் சேவைகளும் தோன்றின. நிறுவனம் உண்டாக்கிய சிக்கலைத் தீர்ப்பதே தனியொரு தொழிலாயிற்று.

6. யாருடைய விடுமுறை?

காத்திருப்பு என்பது அதிகாரத்தின் பங்கீட்டோடு தொடர்புடையது என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் பாரி சுவாட்ஸ் 1975இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். காக்க வைப்பவன் உயர்ந்தோன், காத்து நிற்பவன் தாழ்ந்தோன் என்னும் உறவு வைத்தியசாலையிலும் அரச அலுவலகத்திலும் காணப்படுவது போலவே கேளிக்கையிலும் காணப்படுகிறது. இவ்வுறவின் வர்க்கத் தன்மையை அறிய, முற்பதிவு யாரிடம் எதனை எதிர்பார்க்கிறது என நோக்குதல் வேண்டும்.

அது முதலில் எதிர்பார்ப்பது தன் காலத்தின் மீது ஆட்சியுள்ள மனிதரை. சர்வதேசத் தொழில் தாபனம் ஊதியத்துடன் கூடிய விடுமுறை பற்றிய சமவாயத்தை 1936இல் நிறைவேற்றியது. அதே ஆண்டில் பிரான்சின் மக்கள் முன்னணி அரசு தொழிலாளருக்கு இரண்டு வார ஊதிய விடுமுறையைச் சட்டமாக்கியது. ஐக்கிய அமெரிக்காவிலோ தனியார் துறைத் தொழிலாளருக்கு ஊதிய விடுமுறையை உறுதிப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் இன்றுவரை இல்லை. கடைகளிலும் உணவகங்களிலும் பணிபுரிவோர் பலர் தமது வேலை நேரத்தைக் கூட முன்கூட்டி அறியார். ஒரெகன் மாநிலம் 2017இல் நிறைவேற்றிய சட்டம், பெரிய சில்லறை வணிக, விடுதி, உணவு நிறுவனங்கள் வேலை அட்டவணையை முன்னறிவிக்க வேண்டுமென விதித்தது. 2020 யூலையிலிருந்து அக்கால அளவு 14 நாட்கள். தொழிலாளர் போராடிப் பெற்ற முன்னேறிய சட்டம் ஒன்று உறுதி செய்வது 14 நாட்கள். பாஸ்ட்பாஸ் பிளஸ் தன் சிறந்த இடங்களுக்குக் கேட்டது 60 நாட்கள். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே இரு வர்க்கங்களுக்கு இடையிலுள்ள தூரமாகும்.

அடுத்து அது எதிர்பார்ப்பது பணம். ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009இல் மணிக்கு 7.25 டொலராக நிர்ணயிக்கப்பட்டது. மேற்கூறிய உயர்தர அனுமதி அறிமுகமான 2024இலும் அதுவே நீடித்தது. 449 டொலர் என்பது அக்கூலியில் ஏறக்குறைய 62 மணி நேர உழைப்பு. ஒருவர் ஒரு நாளில் சில மணி நேரக் காத்திருப்பைத் தவிர்ப்பதற்குக் கொடுக்கும் விலை மற்றொருவரின் ஒன்றரை வார உழைப்பாகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது, நுழைவுக் கட்டணம் நீங்கலாக, 1,796 டொலர். வரிசை முந்தும் உரிமை சந்தைப் பண்டமாவதன் அறவியல் விளைவுகளை மைக்கல் சாண்டல் 2012இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தபோது களியாட்டப் பூங்காக்களையும் உதாரணமாகக் கொண்டமை குறிப்பிடத்தக்கது.

பண்டமயமாதலின் அழுத்தம் எத்துணை வலியது என்பதற்கு மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடு சான்றாகும். வரிசையில் நிற்கவியலாதோருக்கு டிஸ்னி பூங்காக்கள் தனி வசதி அளித்து வந்தன. செல்வர் சிலர் மாற்றுத்திறனாளிகளைக் கூலிக்கு அமர்த்தி அவ்வசதியைப் பெற்றதாக 2013இற் செய்தி வெளியாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் முறை மாற்றப்பட்டது. 2024இல் தகுதி விதிகள் மேலும் இறுக்கப்பட்டபோது, விலக்கப்பட்டோர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பொதுவரிசை தாங்கவியலாத அளவுக்கு நீளுமிடத்து, அதைத் தவிர்க்கும் ஒவ்வொரு வாயிலும் போராட்டக் களமாகிறது.

7. எதிர்வாதங்கள்

இங்கு இரு எதிர்வாதங்களை நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். பார்வையாளரே முன்பதிவை விரும்புகின்றனர் என்பது ஒன்று. காலை 7 மணிப் போட்டியைக் கைவிட்டு முன்னேற்பாட்டுப் பதிவுக்கு 2024இல் மாறியதற்கு, வருகைக்கு முன்பே திட்டமிட விரும்பும் பார்வையாளரின் கருத்தை நிறுவனம் காரணமாகக் காட்டியது. இவ்விருப்பம் பொய்யன்று. காத்திருப்பின் உளவியல் பற்றி டேவிட் மெய்ஸ்டர் 1985இல் எழுதிய கட்டுரை, எவ்வளவு நேரமென அறியாத காத்திருப்பு அறிந்த காத்திருப்பைவிட நீண்டதாகத் தோன்றும் என விளக்கியது. பெருந் தொகையைச் செலவிட்டு, குறுகிய விடுமுறையில், குழந்தைகளுடன் வருபவர் நிச்சயத்தை நாடுவது இயல்பே. ஆனால் அந்நிச்சயமின்மையைக் கூட்டியதில் முறைக்கும் பங்குண்டு என்பதை மறத்தலாகாது. பிறர் பதிவு செய்துவிடுவர் என்ற அச்சமே ஒவ்வொருவரையும் பதிவு செய்யத் தூண்டுகிறது. தனியொருவருக்கு அறிவார்ந்த தெரிவு, அனைவரும் அதனைத் தெரிவு செய்யுமிடத்து அனைவருக்கும் சுமையாகிறது.

இது வெறுங் கேளிக்கை, உணவோ மருத்துவமோ அன்று என்பது மற்றொரு வாதம். ஓய்வு உழைப்பாளரின் உரிமை என்னும் கோரிக்கையைப் போல் லபார்க் 1880இலேயே முன்வைத்தார். ஓய்வு உரிமையாயின், அதன் தரமும் பங்கீடும் சமூக வினாக்களே. மேலும், ஒரு துறையில் பழக்கமாகும் பங்கீட்டு முறை பிற துறைகளுக்குப் பரவுதல் எளிது. பணம் கொடுத்து முந்துவதைக் குழந்தை முதலிற் கற்கும் இடம் களியாட்டப் பூங்காவாக இருப்பது சிறிய செய்தியன்று.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன சில. முற்பதிவு இருக்கைகளைப் பெருக்குவதில்லை. அது காத்திருப்பை உடலிலிருந்து நாட்காட்டிக்கும், நாட்காட்டியிலிருந்து பணப்பைக்கும் நகர்த்துகிறது. இந்நகர்வில் விடுமுறைத் திட்டமிடல் ஆர்வத்தின் வெளிப்பாடு என்ற நிலையிலிருந்து, விதிகளுக்கு ஈடுகொடுக்கும் ஊதியமற்ற உழைப்பாக மாறுகிறது. தன் காலத்தின் மீது ஆட்சியுள்ளவருக்கு அது வசதி. அவ்வாட்சி இல்லாதவருக்கு அது நீண்ட பொதுவரிசை.

குற்றம் தொழில்நுட்பத்தினதன்று. அதே கருவிகளைக் கொண்டு ஒவ்வொரு சவாரியிலும் கணிசமான பங்கைப் பொதுவரிசைக்கு உறுதிப்படுத்தலாம். முந்திப் பதிவோருக்கு அன்றிச் சீட்டுக் குலுக்கல் வழியே இடம் வழங்கலாம். நிற்கவியலாதோருக்கு விலையின்றி முன்னுரிமை அளிக்கலாம். 2022இல் கட்டண அனுமதியைத் தொடங்கிய டோக்கியோ டிஸ்னிலாண்ட், 2023இல் கட்டணமற்ற முன்னுரிமைச் சீட்டையும் அதனருகே வழங்கியமை, ஒரே கருவியை வெவ்வேறு வகையிற் கையாளலாம் என்பதைக் காட்டுகிறது. எவ்வகையைத் தெரிவு செய்வது என்பதை அக்கருவியின் உடைமையாளரே தீர்மானிக்கின்றனர். வரிசை சலிப்பூட்டுவது, கால் கடுக்கச் செய்வது, நேரத்தை விழுங்குவது. ஆயினும் வந்தவர் வந்த ஒழுங்கில் என்னும் அதன் விதியில் ஒரு சமத்துவம் இருந்தது. அதனை இழந்துதான் வசதியைப் பெறவேண்டுமா என்பதே இம்முறைகள் நம்முன் வைக்கும் வினாவாகும்.